‘ரெண்டாவது தோட்டா ஏற மாட்டேங்குது’: புதுத் துப்பாக்கி, பரண்மேல் தோட்டா, தேங்காய் எண்ணெய்

வாசகர் கடிதம், சுருக்கமாக

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய பஞ்சாயத்து ஒன்றிலிருந்து 46 வயது விவசாயி எழுதியிருக்கிறார். நாலு ஏக்கர் தென்னை, ஊடே நிலக்கடலை. கடலை முற்றும் சமயத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் பாத்தி பாத்தியாகக் கிளறிப்போட்டுவிடுகிறது. இவருக்குச் சொந்தப் பெயரில் ஆயுத உரிமம் உண்டு. பன்றி சுட அனுமதிக்கப்பட்டவர்களின் பஞ்சாயத்துப் பட்டியலிலும் பெயர் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் 12 போரில் (போர் என்பது குழலின் உள்விட்ட அளவு) “செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்” ஒன்று புதிதாக வாங்கினார். முன்னால் இருக்கும் பிடியை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் வகை என்று அவரே விளக்குகிறார்.

இதுவரை 18 தோட்டா சுட்டிருக்கிறார். அதில் ஐந்து முறை தகராறு. மூன்று தடவை முதல் குண்டு போனபின் இழுத்துத் தள்ளி விசையை அழுத்தினால் “டக்குனு சத்தம் மட்டும், குண்டு போகலை.” ஒருமுறை இரண்டு தோட்டா ஒன்றன்மேல் ஒன்று சிக்கி, ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பி எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. இன்னொரு முறை காலித் தோட்டா உள்ளேயே பிடித்துக்கொண்டு பிடி பின்னால் வரவில்லை. துப்பாக்கியின் பின்கட்டையைத் தரையில் குத்தித் திறந்திருக்கிறார். “பகல்ல வீட்டுல இழுத்துப் பாத்தா வழுக்கிட்டு ஓடுது, ராத்திரி ரெண்டு மணிக்குத் தோட்டத்துல நின்னாத்தான் மாட்டிக்குது” என்பது அவருடைய பெரிய குழப்பம்.

இன்னும் சில விவரங்களும் எழுதியிருக்கிறார். அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் போடும் பழக்கத்தில் இதற்கும் தேங்காய் எண்ணெய்தான். அப்பா இரண்டு வருடம் முன் உரிமத்தையும் துப்பாக்கியையும் ஒப்படைத்துவிட்டார். ஆனால் பரண்மேல் அவருடைய 30 தோட்டா இருந்தது. அதில் ஏழைச் சுட்டாயிற்று, மீதி 23. கடைக்காரர் “ஐம்பது ரவுண்டு ஓடினா செட் ஆயிடும்” என்கிறார். பொள்ளாச்சியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அக்கா மகன் “கொண்டாங்க மாமா, தோட்டாவைத் தூக்கிக் குடுக்குற அந்த லிஃப்டரைக் கொஞ்சம் அரம் போட்டா சரியாயிடும்” என்கிறான். இதைத் தள்ளிவிட்டு நிஜமாகவே தானாக ஏறும் துப்பாக்கி வாங்கிவிடலாமா என்றும் கேட்கிறார்.

பதில்

முதலில் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது செமி ஆட்டோமேட்டிக் இல்லை; ரைஃபிளும் இல்லை; கையால் இழுத்துத் தள்ளி ஏற்றும் பம்ப் துப்பாக்கி. ரைஃபிள் என்றால் பேரலின் உட்சுவரில் திருகு வரிகள் ஓடும். பேரலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், உங்களுடையது கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். செமி ஆட்டோமேட்டிக்கில் வெடித்த வாயுவோ பின்னுதைப்போ போல்ட்டை (தோட்டாவின் பின்னால் மூடித் திறக்கும் இரும்புத் துண்டு) தானாகத் தள்ளி, காலியை எறிந்து, அடுத்ததை ஏற்றிவிடும். உங்கள் பம்ப் துப்பாக்கியில் அந்த வேலை முழுக்க உங்கள் இடது கையுடையது. பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. நாளைக்கு ஒரு புகாரிலோ விண்ணப்பத்திலோ “செமி ஆட்டோ ரைஃபிள்” என்று எழுதிக் கொடுத்தால், உரிமத்தில் இல்லாத ஆயுதத்தை வைத்திருப்பதாக நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. உரிமப் புத்தகத்தில் எப்படிப் பதிந்திருக்கிறதோ அதே சொற்களையே எங்கும் எழுதுங்கள்.

உங்கள் தகராறில் பெரும்பகுதிக்கும் இந்தப் பெயர்க் குழப்பம்தான் வேர் என்று நினைக்கிறேன். தானாக ஏறும் என்ற நினைப்பில் பிடியை லேசாக இழுத்துத் தள்ளுகிறீர்கள். ஊர் அடிபம்பில் கை முழுசாக இறங்கி ஏறாவிட்டால் தண்ணீர் வராது. இதுவும் அப்படித்தான்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் மீதி எளிது. பேரலுக்குக் கீழே உள்ள மேகசின் குழாயில் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. குழாயின் முன்முனையிலிருந்து ஒரு நீள ஸ்பிரிங் அவற்றைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. குழாயின் வாயில் இரண்டு பக்கமும் சிறு கொக்கிகள், தோட்டாவின் விளிம்பைப் பிடித்து நிறுத்துவதற்கு. நீங்கள் பிடியைப் பின்னால் இழுக்கும்போது போல்ட் திறந்து, காலித் தோட்டாவை அறையிலிருந்து (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) உருவி, வெளியே தட்டிவிடுகிறது. இழுப்பின் கடைசி இரண்டு விரற்கடையில்தான் கொக்கி விலகி ஒரே ஒரு புதுத் தோட்டாவை லிஃப்டர்மேல் விடுகிறது. மற்றொரு கொக்கி அதற்கடுத்ததை மறிக்கிறது. முன்னால் தள்ளும்போது லிஃப்டர் தூக்கிக் கொடுக்க, போல்ட் அதை அறைக்குள் செலுத்திப் பூட்டுகிறது. ஆக, கடைசி இரண்டு விரற்கடையை நீங்கள் இழுக்காவிட்டால் புதுத் தோட்டா இறங்கவே இறங்காது.

சத்தம் மட்டும் வந்தால்

“டக்” என்ற சத்தத்துக்குப் பின் நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. விடை அங்கேதான் இருக்கிறது. ஆனால் பார்ப்பதற்கு முன் ஒரு கட்டாயம்: சத்தம் வந்து குண்டு போகாவிட்டால் துப்பாக்கியின் வாயை ஆளில்லாத பக்கம், மண்மேட்டை நோக்கி வைத்தபடியே முழுதாக 30 எண்ணுங்கள். பழைய தோட்டாவில் மருந்து தாமதமாகப் பற்றுவது உண்டு. போல்ட்டைத் திறந்த அந்த நொடியில் அது வெடித்தால் பித்தளை அடி உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

எண்ணியபின் மெதுவாகத் திறங்கள். அறை காலியாக இருந்தால் நீங்கள் அரை இழுப்பு இழுத்திருக்கிறீர்கள், அல்லது தோட்டா குழாயிலிருந்து வரவில்லை. அறையில் சுடாத தோட்டா இருந்தால் அதன் அடியின் நடுவிலுள்ள கேப்பை, அதாவது துப்பாக்கியின் ஊசி அடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு வட்டத்தைப் பாருங்கள். ஆழமான பள்ளம் விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டா கெட்டது. பள்ளம் மேலோட்டமாக இருந்தால் உள்ளே ஊசி கொழகொழப்பில் வேகம் இழந்திருக்கிறது. பள்ளமே இல்லையென்றால் போல்ட் முழுசாகப் பூட்டவில்லை, பிடியை முன்னால் தள்ளியது போதவில்லை. இந்த நாலில் எது என்று ஒவ்வொரு முறையும் ஒரு சிறு நோட்டில் குறித்துவையுங்கள். எந்தத் தோட்டா, என்ன நேரம் என்பதையும் சேர்த்து.

இதோடு சேர்த்து இன்னொன்று. வழக்கமான வெடிக்குப் பதில் “புஸ்” என்று ஒரு நோஞ்சான் சத்தம் வந்தால், அடுத்த தோட்டாவைத் தொடவே கூடாது. தோட்டாவுக்குள் இருக்கும் அட்டையோ ஈயமோ பேரலின் நடுவில் நின்றுபோயிருக்கலாம். பின்னால் இன்னொன்றைச் சுட்டால் பேரல் பிளக்கும். காலி செய்து, பேரலைக் கழற்றி, வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் மற்றது.

கட்டையைத் தரையில் குத்தினீர்களே, அதைத் தயவுசெய்து இனி செய்யாதீர்கள். குத்தும்போது வாய் மேலே, உங்கள் முகவாய்க்கு நேராக நிற்கிறது. உள்ளே இருப்பது காலி என்று நீங்கள் நம்பினீர்கள், அவ்வளவுதான். பிடி வராமல் நிற்பதற்கு ஓர் எளிய காரணமும் இருக்கலாம்: சுடாத தோட்டா ஏறிப் பூட்டியிருக்கும்போது பிடி தானாகத் திறக்காது. விசைக்கூண்டின் அருகில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு இழுத்தால்தான் வரும். இரட்டைக்குழலை முறித்துத் திறந்தே பழகிய கைக்கு அது தெரிந்திருக்காது. பொத்தானை அழுத்தியும் வரவில்லை என்றால் வாயை மண்மேட்டின் பக்கமே வைத்து, விசையிலிருந்து விரலை எடுத்து, பிடியை இரண்டு மூன்று முறை அழுத்தமாக இழுத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் அப்படியே உரிமம் பெற்ற பழுதுநீக்குநரைக் கூப்பிடுங்கள். ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும் வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் முனை கேப்பில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பகலில் ஓடுவது இரவில் ஏன் மாட்டுகிறது

உங்கள் வீட்டுக் குளியலறையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. மார்கழி, தை மாதத்தில் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் என்ன வருகிறது? வெள்ளையாக உறைந்து கிடக்கும், வெயிலில் வைத்து எடுப்பீர்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற அந்த மாத இரவுகளில் அதற்குக் கீழே இறங்குவது வழக்கம். கையிலிருக்கும் இரும்பு இன்னும் சில்லென்று இருக்கும். பகலில் வீட்டில் இழுத்தால் எண்ணெய், இரவு இரண்டு மணிக்குத் தோட்டத்தில் மெழுகு. லிஃப்டர் சோம்பலாக எழும்புகிறது, கொக்கி பாதியில் நிற்கிறது, ஊசி மெதுவாக அடிக்கிறது. நாள்பட்ட தேங்காய் எண்ணெய் பிசினாகவும் மாறும். கணவாய்க் காற்றில் பறக்கும் செம்மண்தூள் அதில் ஒட்டிக்கொண்டால் சாணைக்கல் பசை மாதிரிதான்.

அப்பாவின் துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பீர்கள். இரட்டைக்குழலில் தோட்டாவை விரல்தான் ஏற்றுகிறது. தூக்கவும் தள்ளவும் எந்திரம் எதுவும் கிடையாது. அது எதையும் பொறுத்துக்கொள்ளும். பம்ப் பொறுத்துக்கொள்ளாது.

புதுத் துப்பாக்கியில் இன்னொரு பசையும் உண்டு. துருப் பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் பூசி அனுப்பும் கெட்டி கிரீஸ். அதைத் துடைக்காமல் மேலேயே தேங்காய் எண்ணெய் விட்டிருப்பீர்கள் என்று படுகிறது. எனவே ஒருமுறை முழுச் சுத்தம் செய்தாக வேண்டும்.

தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு உட்காருங்கள். சேஃப்டி போட்டு, பொத்தானை அழுத்திப் பிடியை மெதுவாகத் திறந்து அறையைக் காலி செய்யுங்கள். குழாயில் தோட்டா இருந்தால் வாயிலுள்ள கொக்கியை விரலால் அழுத்தினால் ஒவ்வொன்றாக வெளியே வரும். இழுத்துத் தள்ளி, அறை வழியாக ஏற்றி இறக்கிக் காலி செய்யும் வழக்கம் வேண்டாம். கடைசியில் சுண்டுவிரலை அறைக்குள்ளும் குழாய் வாயிலும் விட்டுத் தடவிப் பாருங்கள். இருட்டில் கண்ணைவிட விரலை நம்பலாம்.

பிறகு மேகசின் மூடியைத் திருகிக் கழற்றினால் பேரல் முன்பக்கமாக வந்துவிடும். கையேட்டில் சொல்லியிருந்தால் மட்டும் குழாயின் ஸ்பிரிங்கையும் எடுங்கள். உள்ளங்கையால் மூடிக்கொண்டு எடுக்கவில்லை என்றால் அறை முழுக்கத் தேட வேண்டியிருக்கும். விசைத் தொகுதியைப் பிரிக்க வேண்டாம், அது உங்கள் வேலை இல்லை. பழைய பல்துலக்கியை மண்ணெண்ணெயில் நனைத்து லிஃப்டர், கொக்கிகள், போல்ட் ஓடும் தடம் எல்லாவற்றையும் தேய்த்து, வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை வருவது நிற்கும் வரைக்கும் துடையுங்கள். மண்ணெண்ணெய் ஈரம் கொஞ்சமும் மிச்சம் இருக்கக் கூடாது. அறைக்கு 12 போர் வெண்கலக் கம்பித் தூரிகை. இருபது சுற்று கையால் திருகினால் போதும். உப்புத்தாள், எமரித்தாள் எதையும் அறைக்குள் விடாதீர்கள். ஒருமுறை கீறினால் அந்தக் கீறலில்தான் ஒவ்வொரு காலித் தோட்டாவும் பிடிக்கும்.

மேகசின் குழாயின் உட்புறம் உலர்ந்தே இருக்கட்டும். அங்கே எண்ணெய் விட்டால் தூசியைச் சேர்க்கும், கசிந்து கேப்புக்குள் போய்த் தோட்டாவையும் கெடுக்கும். மற்ற இடங்களுக்குத் தையல் மிஷின் எண்ணெய் மாதிரி மெல்லிய எண்ணெய்: பிடியின் இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு ஒவ்வொரு சொட்டு, போல்ட் தடத்துக்கு இரண்டு, லிஃப்டர் அச்சின் இரு முனைக்கும் ஒவ்வொன்று. மொத்தம் ஆறு சொட்டு. பத்து முறை ஓட்டிவிட்டு மேலே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

தோட்டாவையும் விசாரியுங்கள்

பேரலின் பக்கவாட்டில் அறையின் நீளம் பொறித்திருக்கும்: 70 மி.மீ. அல்லது 2¾ அங்குலம், இல்லையென்றால் 76 மி.மீ., அதாவது 3 அங்குலம். தோட்டாப் பெட்டியிலும் எண் இருக்கும். ஆனால் பெட்டியில் போட்டிருப்பது சுட்டு விரிந்த பிறகுள்ள நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அளவுகோலில் குட்டையாகத்தான் காட்டும். இதனால்தான் 76 மி.மீ. தோட்டா 70 மி.மீ. அறைக்குள் சாதுவாகப் போய்விடுகிறது. சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். 65 மி.மீ. பழைய தோட்டா 70 அறையில் சுடுவதற்கு ஆபத்தில்லை; ஆனால் சில பம்ப் துப்பாக்கிகளின் லிஃப்டரில் அது நேராகப் படுக்காமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கூட்டத்தில் 20 போர் தோட்டா ஒன்றுகூடக் கலந்துவிடக் கூடாது. அது 12 போர் அறையைத் தாண்டி முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், பின்னால் இன்னொரு தோட்டாவும் ஏறிவிடும். அடுத்த வெடியில் பேரல் மிஞ்சாது.

காலித் தோட்டா அறையில் பிடித்துக்கொண்டது பெரும்பாலும் பரண்மேல் தோட்டாவின் வேலையாக இருக்கும். ஓட்டின் கீழ் வருடக்கணக்கில் வெயிலும் மழை ஈரமும் மாறி மாறிப் பட்டால் உடம்பு உப்பும், பித்தளை அடியில் பச்சைக் களிம்பு படியும். சுடுகிற சூட்டில் அது மேலும் விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். புதிதாக நீங்கள் வாங்கிய தோட்டாக்களை இப்படிச் சோதியுங்கள்: பேரலைத் துப்பாக்கியிலிருந்து கழற்றித் தனியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தோட்டாவையும் அறைக்குள் விடுங்கள். தன் எடையிலேயே விளிம்பு வரை இறங்க வேண்டும். பேரலைச் சாய்த்தால் தானாக நழுவி வர வேண்டும். விரலால் அழுத்த வேண்டியிருந்தால் அந்தத் தோட்டா தள்ளுபடி.

துப்பாக்கியிலேயே கோளாறா?

இதற்கு டம்மி தோட்டா வேண்டும். ஆயுதக் கடையில் கிடைக்கும். மருந்தும் கேப்பும் இல்லாத, அதே எடையும் அளவுமுள்ள பிளாஸ்டிக்கோ அலுமினியமோ. நிஜத் தோட்டாவை ஏற்றி இறக்கி வீட்டில் பழகுவதை இன்றோடு நிறுத்துங்கள். பகலில் 25 முறை, பின்னிரவுக் குளிரில் 25 முறை. ஒவ்வொரு இழுப்பும் பின்னால் ‘தட்’ என்று முட்டும் வரை, ஒவ்வொரு தள்ளலும் முன்னால் முட்டும் வரை. தயங்கித் தயங்கி இழுக்க வேண்டாம். மெல்ல நடத்தினால்தான் கெடாது என்பது தவறான எண்ணம். குழாயில் ஏற்றும்போது ஒவ்வொன்றும் கொக்கியைத் தாண்டிச் சொடுக்கும் சத்தம் கேட்கும் வரை கட்டைவிரலால் தள்ளுங்கள். பாதியில் விட்டால் அது பின்னால் நழுவி லிஃப்டருக்கு அடியில் போய்விடும். உங்களுக்கு இரண்டு சேர்ந்து சிக்கியதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

சுத்தம் செய்து, முழு இழுப்பு இழுத்து, 50-இல் ஒன்றும் சிக்கவில்லை என்றால் துப்பாக்கிமேல் குற்றமில்லை. அப்படிச் செய்தும் ஒரு தடவையாவது இரண்டு தோட்டா சேர்ந்து வந்தால் கொக்கி தேய்ந்தோ வளைந்தோ, தப்பாகப் பொருத்தப்பட்டோ இருக்கிறது. அது தொழிற்சாலைக் குறை. கடைக்காரர் சொல்லும் ஐம்பது ரவுண்டில் பாதி உண்மை உண்டு: புது அறையின் சொரசொரப்பும் பிடியின் இறுக்கமும் ஓட ஓடக் குறையும். இரட்டைத் தோட்டா சிக்கல் ஒருநாளும் ‘செட்’ ஆகாது.

அப்போது பில், உத்தரவாத அட்டை, உங்கள் நோட்டுக் குறிப்பின் நகல் மூன்றையும் வைத்துக் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சரிசெய்து தர மறுத்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் பாலக்காட்டு மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். குறை தெரிந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம், 5 லட்ச ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மிக்சி மாதிரி கடையிலேயே “இதை வெச்சுக்கிட்டு வேற குடுங்க” என்று மாற்றிக்கொண்டு வர முடியாது. புதுத் துப்பாக்கியின் எண் உங்கள் உரிமத்தில் ஏறியாக வேண்டும். மாற்றித் தர கடை சம்மதித்தால் முதல் வேலை கலெக்டரேட்டில் விண்ணப்பம்.

அக்கா மகனின் அரம்

பையன் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறான். ஆனால் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் 25(1)(a) பிரிவில் அதற்குக் குறைந்தபட்சம் 7 வருடம், அதிகபட்சம் ஆயுள் சிறை. லேத்தில் எவ்வளவு கைதேர்ந்தவனாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசமில்லை. துப்பாக்கியைப் பட்டறையில் ஒரு ராத்திரி விட்டுவிட்டு வந்தால் அவன் உரிமமின்றி வைத்திருந்ததாகவும் ஆகும். உங்கள் எழுத்து அதிகாரத்துடன் வேறொருவர் உங்கள் துப்பாக்கியைப் பழுதுபார்க்க எடுத்துச் செல்ல 3-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் போய்ச் சேரும் இடம் உரிமம் பெற்ற பழுதுநீக்குநராக இருக்க வேண்டும். அவர் எல்லைக்கு அப்பால் கோயமுத்தூரில் இருந்தால், முதலில் உங்கள் உரிமத்தில் செல்லுபடியாகும் பரப்பு என்ற வரியைப் பாருங்கள். கேரளம் மட்டும் என்றிருந்தால் வேலந்தாவளத்தைத் தாண்டவே தனி அனுமதி வேண்டும்.

சட்டத்தை விடுங்கள், வேலையாகப் பார்த்தாலும் லிஃப்டரில் குறை இருக்கும் என்று எனக்குப் படவில்லை. அரம் எடுத்ததைத் திருப்பி ஒட்ட முடியாது. உத்தரவாதமும் அதோடு போய்விடும்.

விற்றுவிட்டு செமி ஆட்டோ?

வேண்டாம். 2016 ஆயுத விதிகளின் முதல் அட்டவணை செமி ஆட்டோமேட்டிக்குகளைத் தனிப் பிரிவில் வைத்திருக்கிறது; பயிர்க்காவலுக்கு மாவட்டத்தில் கிடைக்கும் வழக்கமான உரிமத்தில் அது வராது. அப்படியே கிடைத்தாலும் உங்கள் தொல்லை கூடத்தான் செய்யும். அது தோட்டாவின் சக்தியில் ஓடுவது. தோட்டா கொஞ்சம் நமத்திருந்தால், எண்ணெய் கொஞ்சம் உறைந்திருந்தால், பாதியில் நின்றுவிடும். பம்பில் அந்தக் குறையை உங்கள் கைபலம் ஈடுகட்டுகிறது.

மைத்துனர் சொன்னதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், “அடிபட்ட பன்றி எல்லை தாண்டினா தொரத்திப் போய்ச் சுடலாம்” என்று. கூடாது. கேரளத்தில் பஞ்சாயத்துத் தலைவரின் அனுமதியில் நீங்கள் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையொட்டி 2022-இல் மாநில அரசு கொடுத்த ஏற்பாடு. அது கேரளத்து மண்ணோடு முடிந்தது; வனப்பகுதிக்குள்ளும் செல்லாது. காலவரம்பு போட்டு நீட்டிக்கப்படுகிற உத்தரவு என்பதால் இப்போது நடப்பிலுள்ள உத்தரவின் நகல் ஒன்றைப் பஞ்சாயத்துச் செயலாளரிடம் வாங்கி உரிமத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர்தான் சுடலாம். பன்றி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டதென்றால் போன் போட்டுச் சொல்வதோடு உங்கள் பொறுப்பு முடிந்தது.

கடைசியாக, பரண்மேல் இருக்கும் அந்த 23 தோட்டா. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது துப்பாக்கி இல்லை, இவைதான். அப்பாவின் உரிமத்தில் வாங்கியவை அவர் உரிமத்தையும் துப்பாக்கியையும் ஒப்படைத்த அன்றே சேர்ந்து போயிருக்க வேண்டும். வைத்திருக்கும் உரிமை போனதும் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லும் ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தோட்டாவுக்கும் பொருந்தும். உங்களிடமும் 12 போர் உரிமம் இருப்பதால் அவை உங்களுடையவை ஆகிவிடாது. உங்கள் கணக்கில் ஏறாத தோட்டா அது. இனி ஒன்றையும் சுடாதீர்கள். கிணற்றில் போடுவது, குழிதோண்டிப் புதைப்பது, மருந்தைப் பிரித்தெடுப்பது எதுவும் வேண்டாம். சித்தூரிலோ பாலக்காட்டிலோ ஒரு வழக்கறிஞரிடம் ஏழு சுட்டதையும் மறைக்காமல் சொல்லி, அவர் எழுதித் தரும் கடிதத்துடன் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். துப்பாக்கியை வீட்டில் விட்டுவிட்டு, தோட்டாக்களை மட்டும் ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்துப் போங்கள். ரசீதில் 12 போர், 23 எண்ணம் என்று தெளிவாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.